கறுப்பு வேட்டி வெளுத்த கதை: ஒரு பழைய கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றிய நிகழ்வு ஆய்வு

மார்கழி இரண்டாம் வாரம், பகல் 12 மணி. என் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதால் இந்தக் கட்டுரையிலும் அவர் ‘சாமி’தான். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மணி மாலை. கடை வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் வந்தவர் தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சட்டை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பின்னால் நின்ற வேப்பமரம், காய் வெடித்த இலவமரம் போலப் பஞ்சாக வெளுத்திருந்தது.

“என்ன சாமி இது, வேட்டிய வெளுக்கப் போட்டுட்டீங்களா?” என்றார்.

இந்த ஒரு படத்துக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆனது. நடுவில் கேமராவை இரண்டு முறை திறந்தோம். ஒரு ஷாக், ஒரு தப்பான கண்ணாடி, மூன்று வளையங்களை மாற்றிப் போட்ட முட்டாள்தனம் எல்லாம் நடந்தன. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய நினைக்கும் இன்னொருவருக்கு உதவும் என்பதால், தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதற்காக ஆரம்பித்தேன்

இரண்டு காரணம். முதலாவது தொழில். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வைத்து எடுக்கும் படங்களுக்குக் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும்தான் வெளிச்சம் சரிப்படும். நடுவில் உச்சி வெயில் நேரம் முழுக்க கே.ஆர்.பி. அணை பூங்காவில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அகச்சிவப்புப் படத்துக்கு அந்த உச்சி வெயில்தான் தீனி என்று படித்தபோது ஆசை வந்தது.

இரண்டாவது, காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா. ட்ரோனில் அகச்சிவப்புக் கேமரா கட்டி நோய் பிடித்த மரத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதை டி.வி.யில் பார்த்திருக்கிறார். “உன்கிட்ட இல்லாத கேமராவா மாப்ளே, நம்ம தோப்பையும் ஒரு தடவ புடிச்சுப் பாரேன்” என்றார். நான்கு ஏக்கர், பெரும்பாலும் பெங்களூரா ரக மா.

மாமாவுக்கும் எனக்கும் இருந்த ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. இருட்டில் ஆள் நடமாட்டத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுவது வெப்பக் கேமரா. அது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் உடம்பே வெளியிடும் வெப்பக் கதிரைப் பார்ப்பது. அதன் சென்சாரும் வேறு, லென்ஸும் வேறு. நம் கேமராவின் சிலிக்கான் சென்சார் அவ்வளவு தூரம் போகாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 700 நானோமீட்டரில் முடிகிறது. சிலிக்கான் 1100 வரை பார்க்கும். இந்த 700-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட துண்டுதான் நம் விளையாட்டு மைதானம். இங்கே படமாவது சூட்டை அல்ல, பொருள்மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைத்தான்.

இலை ஏன் வெளுக்கிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் குடித்துவிடுகிறது. 700-ஐத் தாண்டியதும் அதற்குப் பசியே இல்லை. உள்ளே நுழைந்த ஒளி, இலைக்குள் செல்களுக்கும் காற்றறைகளுக்கும் நடுவே முட்டி மோதிச் சிதறி, பாதிக்குப் பக்கமாக வெளியே திரும்பி வந்துவிடுகிறது. இதற்கு ‘வுட் விளைவு’ என்று பெயர். வுட் என்றதும் மரம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது 1910-ல் இப்படிப் படங்கள் வெளியிட்ட ராபர்ட் வுட் என்கிற இயற்பியலாளரின் பெயர். அகச்சிவப்பையே வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் முப்பட்டகமும் வெப்பமானியும் வைத்துக் கண்டுபிடித்தார்.

எந்த பாடி?

டிஜிட்டல் கேமரா எல்லாவற்றிலும் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது இல்லாவிட்டால் தோல் நிறமும் துணி நிறமும் கெட்டுப்போகும். லைக்கா எம்8 கேமரா 2006-ல் வந்தபோது அந்தக் கண்ணாடி போதாமல், கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாக விழுந்தது. லென்ஸ் முன்னால் போட வேறு ஃபில்டரைக் கம்பெனியே கொடுக்க வேண்டிவந்தது. நம் சாமியின் வேட்டிக்கு அண்ணன் அது.

எந்தக் கேமராவில் இந்தத் தடுப்பு எவ்வளவு பலம் என்று பார்க்க டி.வி. ரிமோட் போதும். ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டரில் மின்னுவது. கேமரா திரையில் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தினால், தடுப்பு பலவீனமாக இருக்கும் கேமராவில் அது பளிச்சென்று தெரியும். ஸ்டுடியோவில் இருந்த நான்கு பாடியிலும் (லென்ஸ் நீங்கலான கேமராவைத்தான் பாடி என்போம்) மங்கலான ஒரு புள்ளிதான். என் போனின் செல்ஃபி கேமராவில் டார்ச் மாதிரி எரிந்தது.

பாடியைத் திறக்காமல் லென்ஸ் முன்னால் 720 நானோமீட்டர் ஃபில்டரை, அதாவது ஏறக்குறைய அந்த அலைநீளத்துக்குக் கீழுள்ள ஒளியை வெட்டுவதை, மட்டும் மாட்டி எடுத்தும் பார்த்தேன். பட்டப்பகலில் 20 விநாடி எக்ஸ்போஷர். முக்காலியில் வைத்தாலும் இலை அசைந்து எல்லாம் கஞ்சி. பழைய நிக்கான் டி70-ல் தடுப்பு பலவீனம், அதில் இப்படியே ஓரளவு ஓட்டலாம். சிக்மாவின் சில பாடிகளில் அந்தக் கண்ணாடியைக் கையாலேயே கழற்றி எடுத்துவிடலாம். ஃபியூஜி 2015-ல் எக்ஸ்-டி1 ஐஆர் என்று தானே ஒன்றைத் தயாரித்தது. இவற்றில் எதுவும் நம் பக்கம் செகண்ட் ஹேண்டில் கண்ணில் படவில்லை. ஆக, ஒரு சாதாரண பாடியை வாங்கித் திறப்பது என்று முடிவானது.

இங்கேதான் பலரும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘எத்தனை மெகாபிக்சல், எந்த பாடி சீப்’ என்று. முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த ஃபில்டர் வேண்டும் என்பதை. 590 என்றால் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து வந்து, இலை தங்க நிறமாகும். 720 என்றால் வெளுத்த இலை, கொஞ்சம் நிறம் மிச்சம். 850 என்றால் முழுக் கறுப்பு வெள்ளை. ஏனென்றால் அந்த அலைநீளத்தில் சென்சார் மேலிருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் ஒரே அளவில் ஒளியை விட்டுவிடுகின்றன. எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாத நிலையில் உள்ளே ஒரு ஃபில்டரை நிரந்தரமாக ஒட்டிவிடுவது சரியாகப் படவில்லை. சென்சார் முன்னால் வெறும் கண்ணாடி போட்டு, வேண்டிய ஃபில்டரை லென்ஸ் முன்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு வந்ததும் பாடி தானாகவே தீர்மானமாகிவிட்டது. உள்ளே ஆடி வைத்து லென்ஸ் வழியே கண்ணுக்குக் காட்டும் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் முன்னால் 720 மாட்டினால் வ்யூஃபைண்டர் கும்மிருட்டு. ஃபில்டரை உள்ளே வைத்தாலோ, அதன் ஃபோகஸ் சென்சார் தனியாக வேறு இடத்தில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்த்து ஃபோகஸ் செய்யும்; அகச்சிவப்பு அதைவிடச் சற்றுப் பின்னால் குவியும்; படம் அவுட். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அந்தத் தொல்லை கிடையாது. ஆக மிரர்லெஸ். அதிலும் சென்சாரே மிதந்து ஆடும் ஸ்டெபிலைசேஷன் உள்ளதை ஒதுக்கினேன். அதைப் பிரிக்க என் கைக்குத் துணிச்சல் இல்லை. சில பாடிகளில் ஷட்டரைக் கண்காணிக்க உள்ளேயே ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி. வைத்திருக்கிறார்கள், மாற்றிய பிறகு அது படத்தின் ஓரத்தில் கசியும். வாங்கும் முன் மாடல் பெயரோடு இதையும் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியில் வாங்கியது 2014 வாக்கில் வந்த, ஏபிஎஸ்-சி அளவு சென்சார் கொண்ட, கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ்) கூடிய ஒரு சின்ன பாடி. ஓசூர்க்காரர் ஒருவரிடம் 11,000 ரூபாய்க்கு. மாடல் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அதையே தேடி அலைவீர்கள்.

முதல் முறை திறந்தது

கார்த்திகை முதல் வாரம், மழை விட்ட ராத்திரி 10 மணி. மழை நாளாகப் பார்த்தது தூசிக்காக. கிரானைட் லாரிகள் ஓடுகிற ஊரில் கோடையில் சென்சாரைத் திறப்பது, மாவு மில்லில் உட்கார்ந்து கண் ஆபரேஷன் செய்வது மாதிரி. ஸ்டுடியோ குளியலறையில் நான்கு சுவரிலும் தரையிலும் தண்ணீர் அடித்து, தூசி அடங்க அரை மணி நேரம் விட்டு, அங்கேயே ஒரு சின்ன மேஜையைப் போட்டோம். சாமி கடையிலிருந்து மைக்ரோஸ்கோப், ஊதுபந்து, பிளாஸ்டிக் இடுக்கி, மல்டிமீட்டர் எல்லாம் வந்தன. திருகுகளுக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன்: பாடியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து ஆல்பம் தாளில் பிரிண்ட் போட்டு, மேலே டபுள் டேப் ஒட்டி வைத்திருந்தேன். கழற்றும் ஒவ்வொரு திருகும் படத்தில் அது இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இது மிக நன்றாக வேலை செய்தது. இந்த ஆய்விலேயே நான் பெருமைப்படும் ஒரே கண்டுபிடிப்பு இதுதான்.

பெருமை அடுத்த பத்து நிமிடத்தில் போனது. பேட்டரியைக் கழற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில் பின் மூடியைத் தூக்கி விரலை உள்ளே விட்டேன். தோள் வரை சுண்டியது. பாடியில் உள்ள பிளாஷுக்குக் கெபாசிட்டர் ஒன்று உண்டு. அது ஏறக்குறைய 300 வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும், பேட்டரி இல்லாவிட்டாலும் வெகுநேரம் விடாது. போதாக்குறைக்கு நின்றுகொண்டிருந்தது ஈரத் தரையில். சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் ஒயர் பற்றவைத்து, டேப் சுற்றி, கெபாசிட்டரின் முனைகளில் வைத்து இறக்கினார். மல்டிமீட்டரில் சைபர் பார்த்த பிறகுதான் என்னைத் தொட விட்டார். “மொபைல்ல 4 வோல்ட்டு சாமி, இதுல 300. மொதல்ல இத கேட்டிருக்கணும்” என்றார். உண்மை. பிளாஷ் உள்ள எந்தக் கேமராவைத் திறப்பதாக இருந்தாலும் முதல் வேலை இதுதான், கட்டாயம்.

பிறகு ரிப்பன் கேபிள்கள். ஒவ்வொன்றின் கொண்டியும் நகத்தால் தூக்கும் அளவுக்கே இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துத் தினமும் போன் பிரிக்கிற கைக்கு அது பழக்கம். நான் ஓரமாக விளக்குப் பிடித்தேன். சென்சார் தட்டு வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த மூன்று திருகுகளுக்கு அடியிலும் காகிதம் போல மெல்லிய உலோக வளையங்கள். திருகுகள் ஆல்பம் தாளில் ஒட்டிக்கொண்டன. வளையங்கள் டேப்பில் ஒட்டினால் வளைந்துவிடுமே என்று மூன்றையும் ஒரு பாட்டில் மூடியில் போட்டு வைத்தேன்.

சென்சார் முன்னிருந்த கண்ணாடியை ஓரப் பசையில் மெல்லச் சூடு காட்டி எடுத்தார் சாமி. கையில் வாங்கிப் பார்த்தால் வெளிர் நீலப் பச்சை. பழைய சோடா பாட்டில் துண்டு மாதிரி. செல்ஃபி கேமரா முன்னால் அதைப் பிடித்து ரிமோட்டை அழுத்தினேன். சற்று முன் டார்ச் மாதிரி எரிந்த புள்ளி அடியோடு அணைந்தது. கண்ணாடியை விலக்கினால் எரிகிறது, வைத்தால் அணைகிறது. நாலைந்து தடவை சின்னப் பிள்ளை போலச் செய்து பார்த்தேன். நாம் இத்தனை வருடம் விலை கொடுத்து வாங்கியதெல்லாம் இதையும் சேர்த்துத்தான்.

கண்ணாடிக் கணக்கு

கழற்றிய இடத்தில் என்ன வைப்பது? பள்ளிக்கூட லேபில் பயன்படும் மைக்ரோஸ்கோப் ஸ்லைடு 1 மி.மீ. கண்ணாடி, தெளிவாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போட்டோ பிரேம் போடும் கண்ணாடிக் கடையில் வைரமுனை வைத்து அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். செலவு 60 ரூபாய்தான் என்கிற சந்தோஷம். பழைய கண்ணாடியை வெர்னியரில் அளந்தால் 2 மி.மீ. இருந்தது. ‘ஒரு மி.மீ.தானே’ என்று ஸ்லைடையே வைத்து மூடினேன்.

காலையில் மொட்டை மாடியிலிருந்து சையத் பாஷா மலையைப் பிடித்தேன். கோட்டையும் பாறையும் பாலில் நனைத்த துணி மாதிரி மொழுக்கென்று இருந்தன. லென்ஸ் முன்னும் பின்னும் தேடிவிட்டு ஓரத்தில் போய் முட்டி நின்றது. ஆனால் மாடிக்குப் பக்கத்திலிருந்த புளியமரத்தின் இலை ஒவ்வொன்றும் ஊசியாக விழுந்தது. சாமியைக் கொண்டு டேப்பால் அளந்தோம். 50 எம்.எம்.மில் 9 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் துல்லியம், அதற்கு அப்பால் எதுவும் வராது.

காரணம் எளிமையானது, யோசிக்காமல் விட்டதுதான் தப்பு. ஒளி குவியும் வழியில் ஒரு கண்ணாடி இருந்தால், குவியும் இடம் அந்தக் கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குப் போகும். தயாரித்தவர்கள் 2 மி.மீ. கண்ணாடியைக் கணக்கில் எடுத்து சென்சாரை வைத்திருக்கிறார்கள். நான் 1 மி.மீ. குறைத்ததால் பிம்பம் 0.33 மி.மீ. முன்னால் விழுகிறது, சென்சார் அந்த அளவுக்குப் பின்தங்கி நிற்கிறது. லென்ஸுக்குப் பின்னால் 0.33 மி.மீ. வளையம் ஒன்றைச் சொருகியதற்குச் சமம். 50 எம்.எம். லென்ஸின் குவியத்தூரத்தை வர்க்கப்படுத்தி, அதாவது 2500-ஐ 0.33-ஆல் வகுத்தால் 7.6 மீட்டர். லென்ஸுக்கு இயல்பாக இருக்கும் கொஞ்சம் இடைவெளியும், அகச்சிவப்பு சற்றுப் பின்னால் குவிவதும் சேர்ந்து அதை 9 ஆக்கியிருக்கின்றன. 16 எம்.எம்.மில் இதே கணக்கு ஒரு மீட்டருக்கும் கீழே கொண்டுபோய் விடுகிறது. மலை, வயல் எடுக்க வாங்கிய அகலக் கோணமே வீண்.

இன்னொரு குறையும் தெரிந்தது. படத்தின் இடது ஓரம் ஒரு மாதிரி, வலது ஓரம் ஒரு மாதிரி. பாட்டில் மூடியில் போட்ட மூன்று வளையங்களையும் சாமி மைக்ரோமீட்டரில் அளந்தார். மூன்றும் மூன்று தடிமன். சென்சார் லென்ஸுக்கு நேராக நிற்பதற்காகத் தொழிற்சாலையில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகப் பார்த்து வைப்பது அது. நான் கலந்துகட்டிவிட்டேன்.

சரியான கண்ணாடிக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட்டேன்: அந்த மாடலுக்கென்றே வெட்டியது, ஒளி ஊடுருவும் தடிமன் பழையதற்குச் சமமானது, இரு பக்கமும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு உள்ளது. வெறும் கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பி அடிக்கும். சென்சாருக்கு அவ்வளவு அருகில் அது பேய் பிம்பமாக வரும். ஸ்லைடில் எடுத்த படங்களில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மங்கலான வட்டம் தெரிந்தது இதனால்தான். விலை, கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து 5,000-ஐத் தொட்டது. வர மூன்று வாரம் ஆனது.

மார்கழியில் இரண்டாம் முறை திறந்தபோது கெபாசிட்டரை இறக்காமல் யாரும் எதையும் தொடவில்லை. கண்ணாடி மாட்டியாயிற்று. வளையம் மூன்றையும் ஆறு விதமாக மாற்றிப் போடலாம். ஒவ்வொரு முறையும் சென்சாரை முடுக்கி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை நேராக எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்தோம். நான்காவது வரிசையில் ‘மணமகன் தேவை’யும் ‘வீட்டுமனை விற்பனைக்கு’வும் ஒரே துல்லியத்தில் தெரிந்தன. அதிகாலை 3 மணி. சாமி அப்படியே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பூஜைக்குப் போனார்.

லென்ஸ் கொடுத்த அடி

பாடி முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கல்யாண வேலையில் எனக்குச் சோறு போடும் 50 எம்.எம். லென்ஸை அடாப்டரில் மாட்டி, 720 ஃபில்டரோடு வானத்தைப் பிடித்தால், நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்த மாதிரி வெளுத்த வட்டம். எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சுருங்கும்; வட்டம் எஃப் 2.8-ல் லேசாக, எஃப் 5.6-ல் தெளிவாக, எஃப் 11-ல் அசிங்கமாக. இதற்கு ஹாட் ஸ்பாட் என்று பெயர். லென்ஸின் உட்பூச்சும் குழலின் கறுப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தவை. அகச்சிவப்பில் அந்தக் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சாமியின் வேட்டி மாதிரியே. உள்ளே பட்டுப் பட்டுத் திரும்பும் ஒளி நடுவில் சேர்ந்துவிடுகிறது. லென்ஸ் எவ்வளவு விலை, எவ்வளவு கூர்மை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சோதிக்கும் முறை சுலபம். மேகமில்லாத வானம் அல்லது வெயில் படும் வெள்ளைச் சுவர். எஃப் எண்ணை ஒவ்வொரு படியாக ஏற்றி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் வட்டம் வெளியே வரும். என்னிடமிருந்த ஆறு லென்ஸில் இரண்டு முழுத் தோல்வி. கிட் லென்ஸ் எஃப் 8 வரை சுத்தம். ஆச்சரியம், அப்பாவின் பிலிம் கேமராவோடு வந்து பீரோவில் கிடந்த 50 எம்.எம். எஃப் 11-லும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதன் ஃபோகஸ் வளையத்தில் தூரக் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு உண்டு. எதற்கென்று தெரியாமலே வளர்ந்தேன். அகச்சிவப்பு பிலிம் போட்டால் ஃபோகஸை அங்கே நகர்த்த வேண்டும் என்பதற்கான குறி அது. அப்பா அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார். கோடாக் தன் அகச்சிவப்பு பிலிமான எச்ஐஈ-யை 2007-ல் நிறுத்தியேவிட்டது.

எஃப் 11-க்கு மேல் போவதும் வீண். அலைநீளம் கூடக் கூட ஒளி விளிம்பில் அதிகமாக விரிகிறது. 800 நானோமீட்டரில் எஃப் 8-லேயே ஒளிப்புள்ளி 15 மைக்ரானைத் தாண்டுகிறது. பச்சை ஒளியில் அது 11-க்குள் நிற்கும்.

மாந்தோப்பில்

தை பிறக்கும் முன், பூ எடுக்கத் தொடங்கிய நேரத்தில் மாமா தோப்புக்குப் போனோம். 720-ல் தோப்பு முழுக்க வெள்ளைக் குடைகளை விரித்து வைத்த மாதிரி. வானம் கறுத்து, கிணற்றுத் தண்ணீர் மை மாதிரி. தூரத்து மலை நெருங்கி வந்திருந்தது. காற்றுமூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் என்பதால், 550-ஐவிட 800-ல் நாலரை மடங்கு குறைவு. வானம் கறுப்பதும் மலை தெளிவதும் அதனால்தான். ஆனால் மார்கழிக் காலைப் பனிமூட்டத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தத் துளிகள் பெரியவை, அகச்சிவப்பையும் சேர்த்தே மறைக்கும்.

மாமா திரையைப் பார்த்தார். “எல்லா மரமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கே மாப்ளே. நோவு புடிச்ச மரம் எது?” என்று கேட்டுவிட்டு, என்னை மூன்றாவது வரிசைக்குக் கூட்டிப்போனார். அடிமரத்தில் ஓர் ஓட்டை, கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. தண்டுத்துளைப்பான் புழு. அந்த மரத்தைத் தனியாக எடுத்தேன். படத்தில் அதன் தலை மற்ற மரங்களைப் போலவே வெள்ளைவெளேரென்று இருந்தது.

இதுதான் இந்த முயற்சியில் கிடைத்த முக்கியமான பதில், மாமாவுக்குப் பிடிக்காத பதில். இலை வாடும்போது அகச்சிவப்பு உடனே குறைவதில்லை. முதலில் மாறுவது பெரும்பாலும் சிவப்பு. பச்சையம் குறைந்தால் இலை சிவப்பைக் குடிக்காமல் திருப்பி அனுப்பத் தொடங்கும். அதனால்தான் செடியின் பசுமையை அளக்கும் என்டிவிஐ என்கிற குறியீட்டில் இரண்டும் வேண்டும்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். என் 720 ஃபில்டர் சிவப்பை வெட்டியே விட்டது. ஃபில்டரை மாற்றி மாற்றி எடுத்துக் கணக்குப் போடலாம்தான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் வெயிலும் எக்ஸ்போஷரும் மாறும், அளவெடுத்த வெள்ளைத் தகடு ஒன்று கூடவே வேண்டும். அது வேறு தொழில்.

அதைவிட ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் மேல். 665 நானோமீட்டரில் சிவப்பு, 842-ல் அகச்சிவப்பு, இரண்டும் 10 மீட்டர் துல்லியத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, காசில்லாமல். பழைய முறையில் மாங்கன்று நடும் இடைவெளியும் 10 மீட்டர்தான், நம் கணக்கில் 30 அடிக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய ஒரு மரத்துக்கு ஒரு புள்ளி. ஒரு சாயங்காலம் மாமாவை உட்காரவைத்து இரண்டு வருடப் படங்களைக் காட்டினேன். தோப்பின் தென்மேற்கு மூலை மட்டும் ஒவ்வொரு கோடையிலும் மங்கியிருந்தது.

“அங்க கடப்பாறை போட்டா ஒரு முழத்துல டங்குனு சத்தம் வரும். கீழ பாறை. அத சொல்ல சேட்டிலைட்டு எதுக்கு மாப்ளே?” என்றார்.

மற்றவை, சுருக்கமாக

நிறம் சரிசெய்யும் வேலை நினைத்ததைவிடத் தொல்லை. எடுத்தவுடன் படம் முழுக்கச் செங்கல் நிறம். கேமராவிலேயே புல்லையோ வாழை இலையையோ வைத்து ஒயிட் பேலன்ஸ் பிடித்தால் ஓரளவு அடங்கும். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் நிறவெப்பம் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது. அதனால் தனி புரொஃபைல் செய்துகொள்ள வேண்டும். பிறகு சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் வானம் நீலமாகும். எனக்கு அது சலித்துவிட்டது. இப்போது பெரும்பாலும் 850 போட்டுக் கறுப்பு வெள்ளைதான்.

மண்டபத்தில் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. பரணில் இருந்த பழைய ஹாலஜனைப் போட்டதும் பகல் மாதிரி வந்தது.

ஆட்களை எடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கறுப்புக் கண்ணாடி சில, இதில் வெறும் கண்ணாடியாகத் தெரிகின்றன. மெல்லிய செயற்கைத் துணி சிலவும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சோனியின் நைட்ஷாட் வீடியோ கேமராக்களில் 1998-ல் இந்தக் காரணத்துக்காகவே சர்ச்சை வந்து, பகலில் அது வேலை செய்யாதபடி மாற்றினார்கள். ஸ்டுடியோவுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. இந்தக் கேமரா யார்மேல் திரும்பினாலும் முன்கூட்டிச் சொல்லி, எடுத்ததை அவர்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

செலவு: பாடியும் கிட் லென்ஸும் 11,000, சரியான கண்ணாடி 5,000, ஃபில்டர் இரண்டு 4,500, வீணான ஸ்லைடு 60. சாமி காசு வாங்கவில்லை. மலைக்குப் போகும் வேனுக்கு ஒரு பேனர் அடித்துக் கொடுத்தேன்.

மகரஜோதி முடிந்து மாலையைக் கழற்றியபின், அந்த முதல் படத்தைப் பிரிண்ட் கேட்டு வந்தார் தம்பி. அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மெழுகுபோல வழவழப்பாக, கண் இரண்டும் கறுத்துக் குழியாக, கீழே பளீரென்று வெள்ளை வேட்டி.

“வெள்ளை வேட்டியில நல்லாத்தான் இருக்கான். பொண்ணு வீட்டுக்கு இதையே அனுப்பிடலாமா?” என்று கேட்டார். வேண்டாம்மா, வேறு எடுத்துத் தருகிறேன் என்று தம்பியை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, அடுத்த கேமராவை எடுத்தேன். அதில் அந்தச் சோடா பாட்டில் கண்ணாடி அப்படியே இருக்கிறது.